அப்படியே அனுப்பு, அண்ணா

ஜனவரி 8

அன்பு வாலு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் அண்ணி மூவரும் நலம். உன் நலத்தை நீ எழுதித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் நீட்டியபோது யாரோ வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்வாசல் பக்கம் நழுவப் பார்த்தேன். போன மாதம்தான் ஒருத்தர் தன் கம்பளிக் கோட்டில் நாம்தான் ஓட்டை போட்டோம் என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அதிலிருந்து உன் அண்ணி உஷாராகிவிட்டாள். கல்லா மேசைமேல் எது வந்து விழுந்தாலும் முதலில் போனில் ஒரு படம், அப்புறம்தான் சலவை. என் சாப்பாட்டுத் தூக்கைக்கூட ஒருநாள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

"இனிமேல் போன் வேண்டாம், கடிதம் எழுது, உன் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். என் கையெழுத்தைப் பார்க்க ஆசைப்பட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். எனக்கும் அந்தப் போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுத வராது, அதனால் சரி. ஆனால் அம்மா சும்மா இருப்பாளா? "போன் பண்ணா 'ஆ? ஆ? லைன் சரியில்லம்மா'ன்னு சொல்லி வச்சிடுறா. பெத்தவ பேச்சு அவளுக்குக் கசந்துபோச்சு" என்று மூக்கைச் சிந்துகிறாள். அம்மாவுக்குத் தனியாக ரெண்டு வரி எழுது.

கடைப் பின்னறையில் நீ விட்டுப்போன கறுப்புப் பெட்டியைக் கேட்டிருக்கிறாய். அனுப்புகிறேன். அதில் இருப்பதெல்லாம் பழைய ரெக்கார்டுதானே, இத்தனை வருஷம் கழித்து எதற்கு? நேற்று ஒரு வாடிக்கைக்காரர், "தங்கச்சி வெளியூர்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "கிளப்புல ரெக்கார்ட தேய்க்கிறா" என்றேன். "அட, குடும்பத் தொழிலா!" என்று சொல்லிவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். நானும் அதற்கு மேல் விளக்கவில்லை, எனக்கே தெரிந்தால்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியின் இருமல்? உன் முன்கோபம்?

அம்மாவிடம் சொல், கசப்பு ஒன்றும் இல்லை. என் அறைக்குக் கீழே ஓர் அச்சகம். நாள் பூராவும் தடதடவென்று ஓடுகிறது. போனை எடுத்தால் ஒரு வார்த்தை விளங்குவதில்லை. அவ்வளவுதான் சங்கதி.

தேய்க்கிறேன்தான். எப்படி என்று சொல்கிறேன், அடுத்த முறை அந்த வாடிக்கைக்காரரிடம் பெருமையாகச் சொல். என் முன்னால் தட்டு சுழலும் மேசை இரண்டு, நடுவில் ரெண்டின் சத்தத்தையும் கலக்குகிற மிக்சர். ஒரு மேசையில் ஓடுவதைத்தான் கூட்டம் கேட்கும். அடுத்த மேசையில் இருக்கும் தட்டில் எனக்கு வேண்டிய இடத்தை நான் ஹெட்போனில் தேடிப் பிடித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். அது ஒரே ஒரு டிரம் அடியாக இருக்கலாம், யாரோ "ஏய்" என்று கத்துவதாகக்கூட இருக்கலாம். இடது காதில் வரப்போவது, வலது காதில் நடந்துகொண்டிருப்பது. நேரம் வந்ததும் ஒரு கையால் அந்த "ஏய்"யை முன்னும் பின்னும் இழுப்பேன், மறு கையால் மிக்சரின் சின்னக் கட்டையைத் தள்ளித் தள்ளிச் சத்தத்தை வெட்டுவேன். அந்த ஒற்றை "ஏய்" அழும், சிரிக்கும், சண்டைக்கு வரும். அதற்குப் பெயர்தான் ஸ்கிராட்ச். ஒரு விரல் முந்தினால் போச்சு, மொத்தக் கூட்டமும் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப் கைமாறிவிட்டது. புது முதலாளி எங்களை ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் பார்க்கப்போகிறார். என் முறை ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு. பிடித்துப்போனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மேடை எனக்கு. பிடிக்கவில்லை என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஊரில் எனக்கு வேறு கதவு கிடையாது, அண்ணா. அதனால்தான் பழைய பெட்டி. நான் கை பழகியதெல்லாம் அந்தத் தட்டுகளில்தான், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன்.

அடுக்கை மாற்றாதே. படுக்கவைக்காமல் நிறுத்தி வை. வேறொன்றும் செய்ய வேண்டாம். அப்படியே அனுப்பு, அண்ணா.

பார்சல்காரரிடம் என் நம்பரைக் கொடுக்காதே. என்னோடு தங்கியிருக்கும் விளக்குக்காரியின் நம்பரைக் கொடு. (கிளப்பில் மேடை விளக்குப் போடுகிறவள். நல்ல பெண், ஆனால் வாய் ஓயாது.) போன பார்சலுக்கு ஆள் வந்து கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. அச்சகம்தான் காரணம்.

அம்மாவுக்கு முத்தம்.
வாலு


பிப்ரவரி 5

அன்பு வாலு,

நலம், நலமறிய ஆவல். பெட்டி இன்று கிளம்பிவிட்டது. திறந்தவுடன் அசந்துபோவாய்!

அப்படியே அனுப்பு என்றாய். எப்படியம்மா அப்படியே அனுப்புவேன்? சலவைக்கடைக்காரன் வீட்டிலிருந்து போகிற சாமான். பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாடை குடலைப் பிடுங்கியது. தூசி போகட்டும், ஒவ்வொரு தட்டின் நடுக் காகிதத்திலும் யாரோ சிவப்பும் மஞ்சளுமாக நாடாத் துண்டை ஒட்டிவைத்திருக்கிறார்கள். தட்டின் மேலேயே சின்னச் சின்னப் பிசின் துண்டுகள். வெள்ளைக் கோடுகள் வேறு. பின்னறையில் வேலை பார்த்த பையன்கள் விளையாட்டாகச் செய்தது என்று நினைக்கிறேன். பிடித்து உதைத்திருப்பேன், ஒருத்தனும் இப்போது இல்லை.

முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்த்தேன், கறுப்பு மங்கவில்லை. பிறகு பஞ்சில் தொட்டு நாடாவின் பசையை ஊறவைத்து, நகம் படாமல் உரித்து, மெல்லிய பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே துடைத்தேன். கடை மூடியபின் தினமும் இதே வேலை. உன் அண்ணி, "எனக்கு ஒரு பொடவ இப்படித் தொவச்சுக் குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள். இப்போது தட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரு பொட்டுப் பிசின் இல்லை. தட்டுக்கு அடியில் போடுகிற வட்டத் துணிகளையும் விடவில்லை. துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்பு இல்லாமல் தேய்த்து வைத்திருக்கிறேன்.

புது முதலாளி முன்னால் நீ அழுக்குத் தட்டோடு நிற்கக் கூடாது. நம் மானம் என்ன ஆவது?

கிடைத்ததும் எழுது. சந்தோஷமாக, நீளமாக எழுது.
அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பெட்டி வந்தது. எல்லாம் பளபளவென்று இருக்கிறது. நன்றி.

எல்லாத் தட்டிலுமா எடுத்துவிட்டாய்? ஒன்றில்கூட விட்டுவைக்கவில்லையா?

பரவாயில்லை.
வாலு


பிப்ரவரி 25

அன்பு வாலு,

இங்கே நலம் என்று எழுதினால் பொய். உன் நாலு வரியைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நேற்று ஒருத்தர் பேன்ட்டை இன்னொருத்தர் துணி மூட்டையில் வைத்துக் கொடுத்துவிட்டேன். கடை தொடங்கியதிலிருந்து நடக்காதது.

"நீங்க ஏதோ பண்ணிட்டீங்க. அவ பரவாயில்லன்னு எழுதினா பரவாயிருக்குன்னு அர்த்தம்" என்றாள் உன் அண்ணி. அந்தக் காலத்தில் உன்னோடு சேர்ந்து ரெக்கார்டு வாசித்தவர்கள் யாரும் இப்போது இந்த ஊரில் இல்லை. ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போய் விசாரித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, அதத்தான் அவங்க கடிகார முள்ளு மாதிரி வச்சிருப்பாங்க. நாடா இந்தப் பக்கம் திரும்பினா சத்தம் ஆரம்பம்னு கண்ணாலயே கண்டுபிடிப்பாங்க. மேல ஒட்டியிருந்த பிசின் இருக்கே, அது ஊசி வேற எடத்துக்கு ஓடாம தடுக்குற வேலி" என்றார்.

அப்படியா! என் தங்கை வைத்த குறியை நானே உரித்துப் போட்டேனா? நம் கடைச் சட்டம் என்ன? ஆள் வந்து துணியை வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும், அது யார் துணி என்று நாம் கட்டிய குறி நூலில் கை வைக்கக் கூடாது. குறி போனால் துணி அநாதை. வேலைக்கு வருகிறவனுக்கெல்லாம் முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன். வாய் கிழியச் சொல்லிவிட்டு நானே போய்... நினைக்க நினைக்க என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மன்னித்துவிடு.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீதான் எழுதினாயே, ஹெட்போனில் கேட்டுத் தேடுவேன் என்று. குறி போனால் போகட்டும், மறுபடி கேட்டுக் கண்டுபிடிக்கலாம்தானே? உன் காது யாருக்கு வரும்? சின்னதில் அடுத்த அறையில் இருந்துகொண்டே எந்த மெஷினில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வாய். அப்படிப்பட்டவள் இதற்கு ஏன் இடிந்துபோய் நாலே வரி எழுத வேண்டும்?

உடனே பதில் போடு.
அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா?

நான் இடிந்தும் போகவில்லை, எரிந்தும் போகவில்லை. வேலை அதிகம், அதனால் பதில் தாமதம். நீ சொன்ன மாதிரிதான் செய்கிறேன். ஒவ்வொரு தட்டாகப் போட்டு, ஹெட்போன் சத்தத்தை முழுக்கத் திருகிவைத்து, மறுபடி இடம் பிடித்துக் குறி வைத்துக்கொண்டு வருகிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது. சில "ஏய்"கள் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டு தண்ணி காட்டுகின்றன. ஆனால் நடக்கிறது. உன்னை யார் மன்னிப்புக் கேட்கச் சொன்னது? ஆசையாகச் செய்தாய். உன் வட்டத் துணிகள்தான் தமாஷ். தட்டு வழுக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் அந்தத் துணி. நீ கஞ்சி போட்டதில் அது அட்டை மாதிரி நிற்கிறது. விளக்குக்காரி அதை எடுத்து விசிறிக்கொள்கிறாள்.

அவளுக்கும் எனக்கும் நேற்று ஒரு சின்ன வாய்த்தகராறு. பக்கத்து வீட்டில் எந்நேரமும் கெட்டில் கொதித்து விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, போய் அணைக்கச் சொல் என்றேன். "எந்தக் கெட்டில்? பக்கத்து வீட்டுல ஆளே இல்லயே" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தூக்கம் குறைவு, வேறொன்றும் இல்லை.

அம்மா மருந்து சாப்பிடுகிறாளா? அண்ணிக்கு என் அன்பு.
வாலு


மார்ச் 20

வாலு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எந்தக் கெட்டில்?

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "யாரோ விசில் அடிக்கிறாங்க, யாருன்னு பாரு" என்று என்னைத் தெருவுக்கு அனுப்புவார். நானும் போய்ப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்று வந்து சொல்வேன். பெரிய மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவர் காது போனதே, அதற்கு முந்தின வருஷம் பூரா அந்த விசில்தான். உன் கடிதத்தில் அந்த வரிக்கு வந்ததும் அதை அப்படியே கீழே வைத்தேன். உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். போன் வேண்டாம். லைன் சரியில்லை. கதவைத் தட்டினால் கேட்காது. அச்சகம்.

நேற்று விளக்குக்காரிக்குப் போன் போட்டேன். திட்டாதே, நீதான் நம்பர் கொடுத்தாய். அச்சகம் எப்போது மூடும் என்று கேட்டேன். "எந்த அச்சகம்ண்ணே?" என்றாள். அப்புறம் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அவளையே கேளுங்கண்ணே, நான் சொன்னா என்னைக் கொன்னுடுவா" என்று வைத்துவிட்டாள்.

பூசி மெழுகாமல் எழுது. உன் காதுக்கு என்ன?

இந்தக் கடிதத்தோடு ஒரு கட்டுப் படம் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். இன்று அந்தக் கோட்டுக்காரர் மறுபடி வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக உன் அண்ணி போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். நடுவில் கறுப்பு வட்டமாக ஏதோ ஓடியது. நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். உன் தட்டுகள்! நான் கை வைப்பதற்கு முன்னால் கல்லா மேசைமேல் அடுக்கியிருந்தேன் அல்லவா, வழக்கம்போல ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டாள். சிவப்பு நாடா, மஞ்சள் நாடா, பிசின் வேலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுக் காகிதத்தில் அச்சிட்ட எழுத்தை வைத்துப் பார்த்தால் நாடா எங்கே என்று மயிரிழை பிசகாமல் சொல்லலாம். "ஏன்டி சொல்லல?" என்று கேட்டால், "அந்தக் குறி முக்கியம்னு யாராச்சும் சொன்னீங்களா? சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே" என்கிறாள்.

ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கினேன். படத்தைப் பார்த்து ஒட்டு. இனி ஒரு தட்டுக்குக்கூட அந்த ஹெட்போனை எடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

படங்கள் வந்தன. அண்ணியின் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். படங்களைத் தரையில் பரப்பிவைத்துவிட்டு அவற்றின் நடுவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். ஏன் என்று சொல்கிறேன்.

இடது காது போன வருஷமே போய்விட்டது. இத்தனை வருஷம் ஹெட்போனை வைத்து அழுத்தியது அந்தக் காதில்தான். வலது காது பாதி இருக்கிறது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடைப்பான் வைத்துப் பொத்திக் காத்தால் இந்தப் பாதி நிற்கும், சத்தம் பட்டால் இதுவும் போகும். நான் ஒரு கணக்குப் போட்டேன். என் பழைய தட்டுகளில் குறி இருக்கிறது. அவற்றை வைத்துக்கொண்டால் ஹெட்போனே வேண்டாம். ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணாலும் கையாலும் வாசித்துவிடலாம். மேசைமேல் உள்ளங்கையை வைத்தால் தாளம் தெரியும், பாதத்தில் தெரியும். அதனால்தான் பெட்டியைக் கேட்டேன். அதனால்தான் அப்படியே அனுப்பச் சொன்னேன்.

பெட்டியைத் திறந்தால் ஒரு குறிகூட இல்லை, அண்ணா. வேறு வழி தெரியவில்லை. ஹெட்போனை வலது காதுக்கு மாற்றி, சத்தத்தை முழுக்கத் திருகி, தேடினேன். பெட்டியில் முக்கால்வாசி அப்படித்தான் முடித்தேன். அப்போதுதான் கெட்டில் விசிலடிக்க ஆரம்பித்தது. உனக்கு முதல் வாரமே ஒரு வரி எழுதியிருந்தால் படம் அப்போதே வந்திருக்கும். எழுதவில்லை. கால்வாசியாவது மிச்சம் என்று அண்ணியிடம் சொல். அதை முழுக்கப் படம் பார்த்தே ஒட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவுக்குக் காது போனபிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. உரக்கக் கத்த வேண்டுமே என்று அலுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நாமே பேசி முடித்தோம். கடையை இடம் மாற்றியது அவருக்கு எப்போது தெரியும்? வாசலில் லாரி வந்து நின்ற பிறகு. அவர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்குக் காது போவதைவிட அதுதான் பயம். உனக்குத் தெரிந்தால் அடுத்த வண்டியில் வந்து, பாவம் குழந்தை என்று சொல்லி, என் மூட்டையை நீயே கட்டிவிடுவாய். நல்ல மனசோடுதான் செய்வாய். தட்டைத் துடைத்த மாதிரி.

அம்மாவிடம் சொல்லாதே.
வாலு


ஏப்ரல் 6

அன்பு வாலு,

உன் கடிதத்தைக் கடைப் பின்னறையில் உட்கார்ந்து படித்தேன். வண்டிக்குச் சீட்டு எடுக்கலாம் என்று கிளம்பி நிலையம் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் போனேன், ஏன் திரும்பினேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல நிறைய இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அடைப்பானைக் கழற்றாதே என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அது புத்திமதி இல்லை, பயம்.

அம்மாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்று காலையில் அவளே பேனா கேட்டாள். கடிதத்தின் அடியில் இடம் விடச் சொன்னாள். அவள் எழுதியதை நான் படிக்கவில்லை.

அண்ணன்

கண்ணு. சாப்பிட்டியா. உங்கப்பாவுக்கும் போன் புடிக்காமத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். நல்லா வாசி. அம்மா.


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணிக்கு,

நலம். நேற்று முன்தினம் வாசித்தேன்.

ரெண்டு காதிலும் அடைப்பான். அதற்கு மேல் ஹெட்போன், சும்மா வேஷத்துக்கு. ஹெட்போன் இல்லாத டிஜேயைப் பார்த்தால் முதலாளி சந்தேகப்படுவார் என்று விளக்குக்காரிதான் சொன்னாள். தப்பித் தவறிச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று ஒயரை மிக்சரில் சொருகாமல் மேசை ஓரத்தில் சுருட்டி வைத்துவிட்டேன். முதல் தட்டு சரியாக விழுந்தது. ரெண்டாவதில் சிவப்பு நாடா நேராக வந்து நின்றது, இழுத்தேன், "ஏய்" அழுதது. உள்ளங்கையில் தெரிந்தது. கை அதுபாட்டுக்கு ஓடியது. விளக்குக்காரி நாடாமேல் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள்.

நடுவில் திடீரென்று மேசை அதிர்ந்தது. நிமிர்ந்தால் கூட்டம் குதிக்கிறது, எல்லாரும் என் மேசையைக் காட்டிக் கத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். ஹெட்போன் ஒயர் மேசையைத் தாண்டி முன்பக்கம் விழுந்து, முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எதையும் கேட்காமல் வாசிக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கையை நிறுத்தினால் செத்தேன், அதனால் நிறுத்தவில்லை.

முடிந்ததும் முதலாளி ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "பிரமாதம்மா! இந்த ஒயர் வேலைய ஒவ்வொரு சனிக்கிழமையும் பண்ணணும். போஸ்டர்லயே போட்டுடலாம்." தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும், அண்ணா. தலை பாதி ஆடியும்விட்டது. அப்புறம் அப்பா முகம் ஞாபகம் வந்தது. அவரும் கேட்காததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். அடைப்பானைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். "அது வித்தை இல்ல சார். எனக்குக் காது கேக்காது" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு அடைப்பானைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துப் போனில் சொல்வதாகச் சொன்னார். போன் எனக்குக் கேட்காது என்று சொல்லி, நம் கடை நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. ஒரு வார்த்தையும் துடைக்காதே.
வாலு


ஏப்ரல் 23

அன்பு வாலு,

நலம். நேற்று மத்தியானம் உன் முதலாளி போன் செய்தார். நீ கேட்டபடி அப்படியே எழுதுகிறேன்.

"சார், உங்க தங்கச்சி மாதிரி ஒரு கை நான் பார்த்ததில்ல. சனிக்கிழமை மேடை குடுக்க எனக்கு இஷ்டம்தான். ஆனா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு மிச்சக் காதும் போச்சுன்னா பாவம் என் தலையில விழும். நீங்க வீட்டுக்குப் பெரியவர். ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம்னா வேணாம், நானே அவங்ககிட்ட ஏதாவது பக்குவமா சொல்லி அனுப்பிச்சிடுறேன். நீங்க சொன்னதாவே தெரியாது."

நீங்கள் சொன்னதாகவே தெரியாது. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? வாலு, அந்த வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் மாசக் கடைசிக்குள் நீ வீட்டில் இருப்பாய். பாதிக் காதாவது பத்திரமாக இருக்கும். அம்மா எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும், ஆனால் ஒரு சாடைகூடக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தில் "ஹலோ, ஹலோ, கேக்குதா சார்?" என்றார்.

"கேக்குது" என்றேன். "என்னைக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க. எதிர்ல போய் நின்னு, முகத்தைப் பார்த்து, மெதுவாக் கேளுங்க. புரியலன்னா எழுதிக் காட்டுங்க. அவ சொல்றதுதான்."

வைத்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து என் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

இந்நேரம் அவர் உன்னிடம் வந்து கேட்டிருப்பார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காதே, கேட்டால் சொல்லிவிடுவேன்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. நம் கடையில் துணிக்குக் குறி போடுகிற நாடா, எல்லா நிறத்திலும் ஒவ்வொரு சுருள். உன் பழைய நாடா சுத்த மோசம், ஸ்பிரிட் பட்டதும் வந்துவிட்டது. இது வராது. வெந்நீர், சலவைச் சோடா, ஸ்பிரிட் எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். ஒருமுறை ஒட்டினால் என்னாலேயே எடுக்க முடியாது.

நாலு வரி எழுதாதே.
அண்ணன்